கடைக்கும் கிடங்குக்கும் திருட்டு அலாரம்: வாங்கும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் கிடங்கில் திருடு போன இரவு அலாரம் ஒலிக்கவில்லை. அதில் எந்தப் பழுதும் இல்லை. காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூலையில் மாட்டியிருந்த, ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் மோஷன் சென்சாருக்கு முன்னால், புதிதாக வந்திறங்கிய அட்டைப்பெட்டிகளை உத்தரம் வரை அடுக்கிவைத்திருந்தோம். கழிவறைச் சன்னல் வழியாக இறங்கியவன் அந்த அடுக்கின் மறைவிலேயே நடந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

காப்பீட்டு நிறுவனம் நான்கு காகிதங்களைக் கேட்டது. பொருத்தியவர் கொடுத்த சான்றிதழ், கடைசிப் பராமரிப்பு அறிக்கை, அன்றிரவு அலாரம் போடப்பட்டிருந்ததைக் காட்டும் பதிவு, எந்தச் சென்சார் எங்கே இருக்கிறது என்ற பட்டியல். என்னிடம் ஒன்றுகூட இல்லை. இழப்பீடு பாதிக்கும் கீழே குறைந்தது.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்கினேன். பத்து வாரங்கள் ஆயின. புதிதாகக் கடை, அலுவலகம், பட்டறை, கிடங்கு எதைத் தொடங்குபவரானாலும் எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காக, நான் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகாதீர்கள், காகிதத்தை எடுங்கள்

முதல் தவறு பெட்டியில் அடைத்து விற்கும் தொகுப்பை வாங்குவது. ‘நான்கு சென்சார், ஒரு சைரன்’ என்று அதில் இருக்கும். உங்கள் கட்டடத்துக்கு நான்கு போதுமா என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

கட்டடத்தின் தரைப்படத்தை அளந்து வரையுங்கள். கோணல் மாணலாக இருந்தாலும் போதும். கதவு, சன்னல், ஷட்டர், காற்றுப்போக்கி வைத்த துளை, கூரைத் தகடு, பக்கத்துக் கட்டடத்தோடு சேர்ந்த சுவர் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு மாலை இருட்டியதும் கட்டடத்தை வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தெருவிளக்கு எட்டாத பக்கம் எது, ஏணி இல்லாமல் ஏற முடிகிற சுவர் எது, எந்தச் சன்னலை உடைத்தால் யாருக்கும் கேட்காது என்று பாருங்கள். எங்கள் கழிவறைச் சன்னல் பகலில் யார் கண்ணிலும் பட்டதில்லை. இருட்டிய பிறகு பின்பக்கம் போய் நின்றபோதுதான் அது எவ்வளவு வசதியான வாசல் என்று புரிந்தது.

அடுத்து, எதைத் திருடுவார்கள் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பணப்பெட்டி, கணினி, சிறியதும் விலை அதிகமுமான சரக்கு, செம்புக் கம்பி, வாடிக்கையாளர் ஆவணங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, உள்ளே வந்த ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியேற எத்தனை நிமிடம் ஆகும் என்று எழுதுங்கள். அலாரம் திருடனைத் தடுக்காது. அவனுக்குக் கிடைக்கும் நேரத்தைத்தான் குறைக்கும். இரண்டு நிமிடத்தில் எடுத்துச் செல்லக்கூடிய பொருள் சன்னலோரம் இருந்தால் எந்தச் சைரனாலும் பயனில்லை. அதை முதலில் உள்ளறைக்கு மாற்றுங்கள், நல்ல பூட்டுப் போடுங்கள், சன்னலுக்குக் கம்பி வையுங்கள். அதன் பிறகுதான் அலாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

2. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்

இதைக் கடைசியில் செய்தால் இரட்டைச் செலவு. உங்கள் பாலிசியில் அலாரம் பற்றிய நிபந்தனை இருக்கிறதா, எந்தத் தரத்தில் பொருத்த வேண்டும், பொருத்துபவருக்கு எந்த அங்கீகாரம் இருக்க வேண்டும், அலாரத் தகவலைத் தொலைவிலிருந்து பெற்றுக் கவனிக்கும் கண்காணிப்பு நிலையத்தோடு இணைக்க வேண்டுமா, ஆண்டுக்கு எத்தனை முறை பராமரிப்பு தேவை என்று கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு உதவாது. எனக்குப் பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அதனால் முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

தரம் என்பது வெறும் பேச்சில்லை. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் இஎன் 50131 என்ற தரநிலை அலாரங்களை 1 முதல் 4 வரை நான்கு படிகளாக, அதாவது தரங்களாகப் பிரிக்கிறது. எண் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும். முதல் படி, அலாரத்தைப் பற்றி அதிகம் தெரியாத திருடனை எதிர்பார்த்தது. மூன்றாம் படி, அலாரம் எப்படி வேலை செய்யும் என்று அறிந்து கருவிகளோடு வருபவனை எதிர்பார்த்தது. அமெரிக்காவில் பொருத்தும் முறைக்கு யூஎல் 681 என்ற தரநிலை இருக்கிறது. இதில் ஒரு பொறியை மட்டும் மறக்காதீர்கள். இஎன் 50131 கணக்கில், முழு அமைப்பின் தரம் அதிலுள்ள மிகத் தாழ்ந்த பாகத்தின் தரம்தான். மூன்றாம் தரப் பேனலோடு இரண்டாம் தரச் சென்சாரை மாட்டினால் உங்களிடம் இருப்பது இரண்டாம் தர அமைப்பு.

வாடகைக் கட்டடமாக இருந்தால் உரிமையாளரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். சுவரில் துளையிடுவது, வெளிச்சுவரில் சைரன் மாட்டுவது, காலி செய்யும்போது எதை எடுத்துச் செல்லலாம் என்பது மூன்றும் அதில் இருக்கட்டும். பல நகரங்களில் அலாரத்தைக் காவல்துறையிடமோ உள்ளாட்சியிடமோ பதிவுசெய்ய வேண்டும். உங்கள் ஊரில் அப்படி விதி உண்டா என்று இப்போதே விசாரியுங்கள்.

3. எந்த இடத்துக்கு எந்தச் சென்சார்

அவசரப்படக் கூடாத பகுதி இதுதான். பணமும் இங்கேதான் வீணாகிறது, நிம்மதியும் இங்கேதான் தொலைகிறது.

கதவுக்குக் காந்தச் சென்சார். ஒரு பாதி சட்டத்தில், மறுபாதி கதவில் இருக்கும். இரண்டும் விலகினால் சுற்று அறுந்து அலாரம் ஒலிக்கும். விலை குறைவு, பொய்யாக ஒலிப்பதும் குறைவு. ஆனால் கதவைத் திறக்காமல் பலகையை வெட்டி நுழைந்தால் அதற்குத் தெரியாது. இரும்பு ஷட்டருக்கு வீட்டுக் கதவுக்கான சிறிய காந்தத்தைப் போடாதீர்கள். காற்றில் ஷட்டர் ஆடும்போதெல்லாம் அது விலகிச் சேரும். தரையில் பதிக்கும் கனமான ஷட்டர் சென்சார் தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி முகப்புக்கு, கண்ணாடி உடையும் ஒலியைக் கேட்கும் சென்சாரோ கண்ணாடியிலேயே ஒட்டும் அதிர்வுச் சென்சாரோ வேண்டும். ‘உள்ளே மோஷன் சென்சார் இருக்கிறதே, போதாதா?’ என்று நானும் கேட்டேன். மோஷன் சென்சார் உடல் வெப்பத்தின் நகர்வைப் பார்க்கிறது. சாதாரண சன்னல் கண்ணாடி வழியாக அதற்கு அந்த வெப்பம் தெரியாது. ஆகவே திருடன் கண்ணாடியை உடைத்து உள்ளே காலடி வைத்த பிறகுதான் அது விழிக்கும்.

மோஷன் சென்சார் வைக்கும் இடத்தைப் படத்தில் பென்சிலால் குறித்துவிட்டு, அந்த இடத்தில் ஏணி போட்டு நின்று பாருங்கள். தரையிலிருந்து 2.1 முதல் 2.4 மீட்டர் உயரம் என்பது பெரும்பாலான மாடல்களின் கணக்கு. தன்னை நோக்கி நேரே வருபவரைவிட, தன் பார்வைக்குக் குறுக்கே நடப்பவரை அது எளிதில் பிடிக்கும். அதனால் வாசலுக்கு நேரெதிரே மாட்டுவதைவிட, நுழைபவர் குறுக்கே கடந்துபோகும் பக்கவாட்டு மூலை நல்லது. ஏசி காற்று அடிக்கும் இடம், ஹீட்டர், வெயில் விழும் சன்னல், கூரையிலிருந்து தொங்கும் விளம்பரத் துணி, இவற்றைப் பார்க்கும்படி மாட்டக் கூடாது. எங்கள் முன்கூடத்தில் ஒரு விளம்பரத் துணி தொங்கியது. ஏசி காற்றுப் பட்டு அது அசைந்ததில் ஒரே வாரத்தில் மூன்று முறை நள்ளிரவில் அலாரம் அடித்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு ஊழியர்கள் அந்தப் பகுதியை அலாரத்திலிருந்து நீக்கிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொய்யாக ஒலிக்கும் அலாரத்தை எந்த மனிதரும் நெடுநாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

பட்டறை, கூரைத் தகடு போட்ட கிடங்கு போன்ற கடினமான இடங்களுக்கு வெப்பத்தையும் மைக்ரோவேவ் அலையையும் சேர்த்துப் பார்க்கும் இரட்டைச் சென்சார் இருக்கிறது. இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் அலாரம் ஒலிக்கும். மைக்ரோவேவ் மெல்லிய பலகைத் தடுப்பையும் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால், பக்கத்து அறையின் நடமாட்டத்தைப் பிடிக்காதபடி அதன் தூரத்தைக் குறைத்து அமைக்கச் சொல்லுங்கள்.

இப்போது என் அட்டைப்பெட்டிகளுக்கு வருகிறேன். மறைப்பைக் கண்டறியும் வசதி உள்ள சென்சார்கள் இருக்கின்றன. மூன்றாம் தரத்திலிருந்து அந்த வசதி கட்டாயம். ஆனால் பொதுவாக அது கண்டுபிடிப்பது சென்சாரின் முகத்தின் மேல் துணி போடுவது, பெயின்ட் அடிப்பது போன்ற அருகிலுள்ள மறைப்பைத்தான். இரண்டு மீட்டர் தள்ளி அடுக்கிய சரக்கை அது சொல்லும் என்று நம்பாதீர்கள். நாங்கள் கிடங்குத் தரையில் ஒவ்வொரு சென்சாருக்கும் முன்னால் மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். சுவரில் ஓர் உயரக்கோடும் உண்டு. அதற்கு மேல் எதையும் அடுக்கக் கூடாது. சரக்கு இறக்கும் தொழிலாளர்களுக்கு முதலில் கற்றுத்தருவது இந்தக் கோட்டைத்தான்.

4. மின்சாரம், பேட்டரி, தகவல் போகும் வழி

மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். ‘நாள் முழுக்கத் தாங்கும்’ என்பது பதிலாகாது. கணக்கை நீங்களே போடலாம். பேனல், கடவு எண்ணை அழுத்தும் கீபேட், சென்சார்கள், தகவல் அனுப்பும் கருவி எல்லாம் சேர்ந்து எத்தனை ஆம்பியர் இழுக்கின்றன என்று அவற்றின் விவரத்தாளிலிருந்து கூட்டுங்கள். 0.35 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் பரவலாக வைக்கப்படும் பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. 7-ஐ 0.35-ஆல் வகுத்தால் 20 மணி நேரம். பேட்டரி பழையதாகும், சைரனும் ஒலிக்க வேண்டும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 16 மணி நேரம். பிறகு சென்சார்களைக் கூட்டிக்கொண்டே போய் இழுவை 0.7 ஆம்பியர் ஆனால் அதே பேட்டரி 8 மணி நேரம்தான் தாங்கும். இஎன் 50131 முதல் இரண்டு தரங்களுக்கே குறைந்தது 12 மணி நேரம் கேட்கிறது. வார விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு இது பெரிய வேறுபாடு.

அலாரம் ஒலித்தது உங்களுக்கோ கண்காணிப்பு நிலையத்துக்கோ எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. இணையக் கேபிளை வெட்டுவது எளிது. சிம் கார்டுக்குப் பணம் கட்ட மறப்பது அதைவிட எளிது. இணையம் ஒன்று, செல்பேசி வலையமைப்பு ஒன்று என இரண்டு வழிகள் வையுங்கள். இணைப்பு அறுந்தால் அதையே ஒரு எச்சரிக்கையாக அனுப்பும்படி அமைக்கச் சொல்லுங்கள். பழைய 2ஜி, 3ஜி கருவிகளை மலிவாகத் தள்ளிவிடுவார்கள், வாங்காதீர்கள். 2022-இல் அமெரிக்காவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த அலாரங்களுக்கெல்லாம் கருவியை மாற்ற வேண்டியிருந்தது.

கம்பியில்லாச் சென்சார் வாங்குவதானால் ஒவ்வொன்றின் பேட்டரியையும் யார், எப்போது மாற்றுவார் என்று முடிவுசெய்துவிட்டு வாங்குங்கள். இரும்பு அலமாரிகள் நிறைந்த கிடங்கில் அலை பலவீனமாகும். அங்கே நான் கம்பியையே தேர்ந்தெடுத்தேன்.

5. பூட்டுபவரையும் திறப்பவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்

முதலாளி திட்டமிடுவார். ஆனால் தினமும் அலாரத்தைத் தொடுபவர் கடைசியாகப் பூட்டிவிட்டுப் போகும் ஊழியர். அவர் எந்த வழியாக வெளியேறுகிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், விளக்கை எங்கே அணைக்கிறார் என்று ஒரு மாலை உடன் நடந்து பாருங்கள்.

எங்கள் கணக்காளர் அம்மாவோடு நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றேன். காலையில் அவர் பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கி, இருட்டில் சுவிட்சைத் தடவி, மேசையைச் சுற்றிக் கீபேடுக்கு வர 34 விநாடிகள் ஆயின. உள்ளே வந்தவர் எண்ணை அழுத்தி அலாரத்தை அணைக்கப் பழைய அமைப்பில் கொடுத்திருந்த நேரம் 20 விநாடி. “தினமும் ஓடிப்போய்த்தான் சார் அழுத்துவேன். மழை நாளில் வழுக்கும், அதனால் சில நாள் அலாரம் போடாமலே பூட்டிவிடுவேன்” என்றார். ஒருநாளும் நான் அவரிடம் அதைக் கேட்டதில்லை. கீபேடை வாசலருகே மாற்றியதும் 15 விநாடியில் முடிந்தது. நேரத்தைக் கூட்டுவதைவிடக் கீபேடை நகர்த்துவதே சரி. இஎன் 50131-இல் உள்ளே வருவதற்கான இந்த அவகாசம் 45 விநாடிக்கு மேல் போகக் கூடாது.

ஒவ்வொருவருக்கும் தனிக் கடவு எண் கொடுங்கள். ஒரே எண்ணை எல்லோரும் பயன்படுத்தினால் யார் திறந்தார் என்பதைப் பதிவு சொல்லாது. வேலையை விட்டுப் போகிறவரின் எண்ணை அன்றே நீக்குங்கள். யாராவது கத்தியைக் காட்டித் திறக்கச் சொன்னால் அழுத்துவதற்கென்று தனி எண் ஒன்று பெரும்பாலான பேனல்களில் உண்டு. வெளியே அலாரம் அணைந்தது போலத் தெரியும், ஓசையின்றித் தகவல் போய்விடும். அது இருப்பதையும் எப்படி அழுத்துவது என்பதையும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். பணத்தைவிட ஊழியரின் உயிர் பெரிது என்பதையும் அப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அவசர வெளிவாசல்களை அலாரம் கவனிக்கலாம், பூட்டக் கூடாது. உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும்.

6. மதிப்பீடும் ஒப்பந்தமும்

குறைந்தது மூன்று பேரை நேரில் வரவழையுங்கள். இடத்தைப் பார்க்காமல் விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். மூவருக்கும் உங்கள் தரைப்படத்தின் நகலையும் காப்பீட்டுக் கடிதத்தின் நகலையும் கொடுங்கள். அப்போதுதான் மூன்று விலைகளையும் ஒப்பிட முடியும்.

செலவை ஐந்து தலைப்பாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: கருவிகள், கம்பியும் பொருத்துகூலியும், மாதக் கண்காணிப்புக் கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு, பழுதுக்கு வந்தால் ஒரு தடவைக்கு எவ்வளவு. கருவி விலையைக் குறைத்துக் காட்டி மாதக் கட்டணத்தில் எடுத்துவிடுவது பழக்கமான வழி. ஐந்து ஆண்டுக்கும் மொத்தம் கூட்டிப் பார்த்தால் முதலில் மலிவாகத் தெரிந்தது மலிவாக இருக்காது. எனக்கு வந்த மூன்றில் கடைசி இடத்துக்குப் போனது, முதல் பக்கத்தில் மிகக் குறைந்த தொகை போட்டிருந்ததுதான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இவற்றைத் தேடுங்கள். எத்தனை ஆண்டுக் கட்டு, அது தானாகப் புதுப்பிக்கப்படுமா, நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், கருவிகள் உங்களுக்குச் சொந்தமா வாடகையா, ஒப்பந்தம் முடிந்தால் பொருத்துபவரின் கடவு எண்ணை உங்களிடம் ஒப்படைப்பார்களா. அந்த எண் இல்லாவிட்டால் வேறு யாரும் உங்கள் பேனலுக்குள் போய் எதையும் மாற்ற முடியாது. என் பழைய பேனல் நல்ல நிலையில் இருந்தும் அதைத் தூக்கியெறிய வேண்டிவந்தது இதனால்தான்.

7. பொருத்தும் நாட்கள்

கட்டட வேலை நடக்கிறதென்றால் பொய்க்கூரை மூடுவதற்கு முன், வண்ணம் பூசுவதற்கு முன் கம்பி இழுத்துவிடுங்கள். எங்கள் அளவுக்குக் கம்பி இழுக்க மூன்று நாள், கருவி மாட்ட இரண்டு நாள் ஆயின.

பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் பாருங்கள். கம்பிச் சென்சார் ஒவ்வொன்றின் மின்சுற்றிலும் சிறிய மின்தடை (ரெசிஸ்டர்) ஒன்று வரும். கம்பியை யாராவது வெட்டினாலோ இரண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கினாலோ பேனல் கண்டுகொள்வதற்காக அது இருக்கிறது. அது கம்பியின் கடைசி முனையில், சென்சாருக்குள் இருக்க வேண்டும். வேலை சுலபம் என்று சிலர் அதைப் பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வழியில் இரண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கினாலும் பேனலுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். எங்கள் பழைய பெட்டியைத் திறந்தபோது எட்டு மின்தடைகளும் உள்ளே வரிசையாகக் கிடந்தன.

மாட்டி முடித்தவுடன் காவல்துறைக்கோ கண்காணிப்பு நிலையத்துக்கோ இணைக்காதீர்கள். முதலில் ஒன்றிரண்டு வாரம் பதிவை மட்டும் பார்த்துக்கொண்டு சோதனையாக ஓட்டுங்கள். பொய் அலாரத்தின் விலை அதிகம். பிரிட்டனில் 12 மாதங்களுக்குள் மூன்று பொய் அழைப்பு போனால் அந்தக் கட்டடத்துக்குக் காவல்துறையின் உடனடி வருகை நிறுத்தப்படும். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2000-ஆம் ஆண்டு முதலே, யாராவது நேரில் பார்த்து உறுதிசெய்தால்தான் காவலர்கள் புறப்படுவார்கள். எங்கள் சோதனையின் ஆறாம் நாள் பின்கதவுச் சென்சார் விடியற்காலையில் இரண்டு முறை ஒலித்தது. கதவு தொய்ந்து காந்தம் விலகியிருந்தது. கீல் திருகை இறுக்கியதும் நின்றது.

8. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்

கையில் வாங்க வேண்டியவை: தரச் சான்றிதழ், மாட்டியபடியே வரைந்த படம், சோன் (பேனல் தனித்தனியாகக் கவனிக்கும் பகுதி) எண்ணும் இடமும் உள்ள பட்டியல், சோதனை அறிக்கை, கருவிகளின் உத்தரவாதச் சீட்டு, கடவு எண்களை மாற்றியதற்கான ஒப்புதல். தொழிற்சாலையிலிருந்து வந்த கடவு எண்ணை அப்படியே விட்டுவிடுவது பரவலான தவறு. அது கையேட்டிலேயே அச்சாகியிருக்கும்.

பேனலின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். நேரம் தவறாக இருந்தால் பதிவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காமல் போகலாம். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகும் ஒருமுறை பாருங்கள்.

அழைப்புப் பட்டியலில் சாவி வைத்திருக்கும் இரண்டு பேராவது இருக்கட்டும். இருவரும் சீக்கிரம் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும், இருவரும் ஒரே நாளில் வெளியூர் போகக் கூடாது. அலாரம் ஒலித்தால் தனியாக உள்ளே நுழைய வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவையுங்கள்.

9. அதன் பிறகு

மாதம் ஒருநாள், கடை மூடியதும், அலாரத்தைச் சோதனை நிலையில் போட்டுவிட்டு ஒவ்வொரு சென்சார் முன்னாலும் நடந்து பாருங்கள். எங்களுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. பெரிய சரக்கு வந்திறங்கிய மறுநாளும் அதைச் செய்கிறோம். பேனல் பேட்டரியின் மேல் மாட்டிய தேதியை எழுதி ஒட்டுங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டில் அது மாற்றப்பட வேண்டும். பராமரிப்புக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் கையெழுத்திட்ட அறிக்கை தராமல் போக வேண்டாம்.

இந்தக் காகிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். எங்கள் பழைய ரசீதுகள் இருந்த மேசை இழுப்பறையும் அன்றிரவு உடைக்கப்பட்டிருந்தது.